கல்வராயன் மலையிலிருந்து நேரலை

முதன்முதலாக நான் டிவியில் வந்தபோது கட்டியிருந்த மஞ்சள் பட்டுப்புடவை என்னுடையது அல்ல. கள்ளக்குறிச்சி கடைவீதியில் இருந்த ஒரு ஜவுளிக்கடையுடையது. பேசி முடித்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு கேபிள் சேனலில் பிறந்தநாள் வாழ்த்து, காது குத்து, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு விழா எல்லாவற்றையும் வாசிப்பதுதான் என் வேலை. அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு உரக்கடையின் மாடியில் சேனல் இருந்தது. சுவரில் நீலத் துணி கட்டி அதற்கு முன்னால் என்னை உட்கார வைப்பார்கள். சத்தம் பதிவாகும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். கீழேயிருந்து உர வாசனை வரும். மேலே விளக்குச் சூட்டில் நான் வியர்த்துக்கொண்டே யாருக்கோ இனிய பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு கச்சிராயபாளையம் பக்கம். அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வெட்டுக் காலம் முடிந்தால் நடவு, களை, மரவள்ளி பிடுங்குவது என்று கூப்பிட்ட வேலைக்குப் போவார்கள். சொந்த நிலம் கிடையாது. நான் டிவியில் வந்த அன்று எங்கள் வீட்டில் டிவியும் கிடையாது. அம்மா எதிர்வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லாத்தான் இருந்துது. ஆனா இன்னா அவ்ளோ வேகமா பேசற? யாராவது தொரத்திகினு வர்றாங்களா?" என்றாள்.

அதற்குப் பிறகு நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். தெருவில் போனால் ஆட்கள் அடையாளம் கண்டு சிரித்தார்கள். டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கொடுத்தார்கள். ஆனால் என் கண் வேறொரு ஆள்மேல் இருந்தது. அந்தச் சேனலில் நிகழ்ச்சிகளைத் தயாரிப்பதற்கு ஒருவர் இருந்தார். யாரைப் பேச வைப்பது, எவ்வளவு நேரம் பேச வைப்பது, எதை வெட்டுவது, எதை முதலில் போடுவது எல்லாம் அவர் முடிவு. நான் வாசித்ததும் அவர் எழுதிக் கொடுத்ததுதான். எந்த வரியில் சிரிக்க வேண்டும் என்றுகூட அவர்தான் சொல்வார். என்னுடைய வேலை முடிந்ததும் ஊருக்குக் கிளம்பாமல் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். போகச் சொல்லமாட்டார், எதுவும் விளக்கியும் சொல்லமாட்டார். நான் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

ஒரு பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சேனல் உரிமையாளர் சின்னசேலம் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். நல்ல மனிதர், ஆனால் நிகழ்ச்சி தயாரிப்பது அவருக்குத் தெரியாது. பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்கு விளம்பரமெல்லாம் வாங்கி வைத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தார். நான் செய்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ மொகம் காட்டனா போதும்மா. கேமராவ தூக்கிகினு கொல்ல கொல்லயா அலையறது பொம்பள புள்ளைக்கு சரிப்படாது."

வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு தபா என்று சொல்லிச் சம்மதித்தார்.

வழக்கமாகப் பொங்கலுக்குக் கோலப் போட்டியும் சர்க்கரைப் பொங்கல் சமையலும்தான் போடுவார்கள். நான் கரும்பு வெட்டும் பெண்களைப் படம் பிடிக்கப் போகிறேன் என்றேன். உரிமையாளருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் காலையில் ஸ்கூட்டரில் எங்கள் ஊர்க் கரும்புக் கொல்லைக்கு வந்துவிட்டார். கேமராமேன் கல்யாண வீடியோ எடுப்பவர். என்னைவிட வயதில் மூத்தவர். நான் எது சொன்னாலும் என்னைத் தாண்டி உரிமையாளரைத்தான் பார்த்தார். அவர் தலையசைத்தால்தான் கேமரா நகரும்.

கரும்பை அடியோடு வெட்ட வேண்டும். அதனால் வெட்டுகிற பெண்கள் முழுக்கக் குனிந்தே இருப்பார்கள். நிற்கிற ஆள் உயரத்தில் கேமராவை வைத்தால் முதுகும் தலைத்துணியும்தான் தெரியும். கேமராவைத் தரையில் வைக்கச் சொன்னேன். கல்யாணத்தில் இப்படி வைத்தால் அடித்துத் துரத்துவார்கள் என்று அவர் முனகினார். பாத்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அங்கேயிருந்து மேலே பார்த்தேன். "அண்ணே, இங்க ஒக்காந்து ஒரு தபா பாருங்க" என்றேன். அவர் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து கேமராவுக்குள் கண்ணை வைத்தார். அதற்குள் தெரிந்தது என் அம்மாவின் முகம். வியர்வையில் ஒட்டிய முடி, கடித்த உதடு, ஒவ்வொரு வெட்டுக்கும் சுருங்கி விரிகிற கண். அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு உரிமையாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "அடுத்தது எங்க வெக்கட்டும்?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதலில் கேட்டது அவர்தான்.

பெண்களைப் பேச வைத்தேன். வீட்டில் பொங்கல் எப்படி என்று கேட்டதற்கு அம்மாவோடு வேலை செய்கிற ஒரு அத்தை சொன்னார். "கரும்பு சோகை கிழிச்ச கையில அரிசி களைஞ்சா எரியும். அதனால பொங்கலன்னிக்கி எங்க வூட்ல அவருதான் அரிசி களைவாரு. நான் ஒக்காந்துகினு வேல சொல்லுவேன்." சுற்றி இருந்தவர்கள் கரும்புக் கட்டின் மேல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஒரு நொடிகூட வெட்டாமல் போட்டேன்.

பொங்கலன்று ஒளிபரப்பானது. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆட்கள் மாடியேறி வந்து திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்கள். உரிமையாளர் டீக்கடையில் உட்கார்ந்து அது தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் நிகழ்ச்சியின் கடைசியில் 'தயாரிப்பு' என்று போட்டு என் பெயரை அவரே சேர்க்கச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயர் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரே ஒரு தபா என்று ஆரம்பித்தது வாரா வாரம் ஆனது. எலவனாசூர்கோட்டைச் சந்தையில் காய் விற்கிறவர்கள், எங்கள் ஊர் அணைக்கட்டுக்குக் கீழே நாற்று நடுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று எங்கெங்கோ கேமராவைத் தரையில் வைத்தோம். கேமராமேன் அண்ணன் அப்போதெல்லாம் கோணியைக் கையோடு எடுத்துக்கொண்டு வருவார், உட்காருவதற்கு.

பிறகு சென்னையில் ஒரு பெரிய சேனலில் ஆள் எடுப்பதாகத் தெரிந்து விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் செய்தி வாசித்துக் காட்டச் சொன்னார்கள். நான் வாசிக்க வரவில்லை, தயாரிப்பாளர் வேலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேலைக்கு நேரம் காலம் கிடையாது, பெண்கள் யாரும் இல்லை என்றார்கள். கரும்பு வெட்டுக்கும் நேரம் காலம் கிடையாது என்று சொல்லி, என் நிகழ்ச்சி இருந்த வட்டுகளை எடுத்து வைத்தேன். அதில் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். சமையல் நிகழ்ச்சிக்கு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு வருத்தம். அப்படியானால் இனி உன்னை டிவியில் பார்க்க முடியாதா என்று கேட்டாள். பெயர் வரும் என்றேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டு, ஓடுகிற எழுத்துகளில் எது என் பெயர் என்று தெரிந்துகொண்டாள். பக்கத்தில் இருப்பவர்களிடம், "கடைசில கொக்கி மாதிரி ஒண்ணு வளைஞ்சிகினு வருது பாரு, அதான் எம் பொண்ணு" என்று காட்டுவாளாம்.

சமையலிலிருந்து விவசாயம், விவசாயத்திலிருந்து மக்கள் விவாதம் என்று மேலே வந்தேன். உதவியாளர் என்பது போய்த் தயாரிப்பாளர் ஆனேன். இடையில் கல்யாணமும் ஆனது. நேரலை இருக்கிற நாட்களில் சமைப்பது அவர் வேலை என்று பெண் பார்க்க வந்த அன்றே பேசி முடித்துக்கொண்டேன். இன்றுவரை அதில் மாற்றமில்லை.

அந்தச் சேனலில் நேரலைக் கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். சுவர் முழுக்கத் திரைகள் இருக்கும். எந்த நொடியில் எந்தக் கேமரா வீட்டுக்கு வீடு தெரிய வேண்டும் என்று அந்த நாற்காலியில் இருப்பவர் சொல்ல வேண்டும். அவர் பேசுவது கேமராமேன்களின் காதில் மாட்டியிருக்கும் கருவியில் கேட்கும். என் குரல் சன்னமானது, ஆண்பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள் என்று சிலர் கவலைப்பட்டார்கள். அதுவரை அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கத்துவார்கள். நான் மெதுவாகப் பேசினேன். காதுக்குள்ளேயே கேட்கிற கருவி அது, மெதுவாகச் சொன்னால்தான் தெளிவாகக் கேட்கும். கொஞ்ச நாளில் கேமராமேன்கள் என் நேரலைக்கு வேண்டி ஷிப்ட் மாற்றிக்கொண்டார்கள். எனக்கு இருந்த பெரிய கஷ்டம் வேறு. அந்த மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. விளம்பர இடைவேளையில் படியிறங்கி ஓடி, ஏறி வர வேண்டும். நிர்வாகத்திடம் விடாமல் கேட்டு ஒன்று கட்ட வைத்தேன். எனக்குப் பின்னால் வந்த பெண்களுக்கு அந்த ஓட்டம் இல்லை.

கல்வராயன் மலைக்குக் கேமராவோடு போனது இதற்கெல்லாம் பிறகுதான். நான் அந்த மலையின் அடிவாரத்தில் பிறந்தவள். வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். ஆனால் அங்கே இருக்கிறவர்கள் பேசி நான் ஒரு நிகழ்ச்சிகூடச் செய்ததில்லை. எங்கள் விவாத நிகழ்ச்சியை மலையில் வைத்து நடத்தலாம் என்று தீர்மானித்து, முதலில் தனியாக ஏறிப் போனேன். வெள்ளிமலைக்குப் பஸ். அங்கேயிருந்து ஜீப். ஒரு சிற்றூரில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டிவியிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து ஒரு அம்மா பேசினார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கொட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"போன தபா ஒருத்தங்க வந்தாங்க. காலைலேர்ந்து எங்கள பேச வெச்சாங்க. டீவில பாத்தா நாங்க ஆடறதும் தேன் எடுக்கறதும்தான் வருது. பேசனது ஒண்ணும் வரல. நீங்களும் நறுக்கத்தான் போறீங்க."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நேரலை என்றால் என்ன என்று சொன்னேன். நீங்கள் இங்கே பேசுகிற அந்த நேரமே எல்லா வீட்டிலும் கேட்கும், முன்னாடியே எடுத்து வைத்து நறுக்குவது கிடையாது என்றேன். அவர் கையை நிறுத்தினார். நடுவில் நிறுத்தமாட்டீர்களே என்று கேட்டார். நிறுத்தமாட்டேன் என்று சொன்னேன். அப்படியானால் பேசுகிறோம் என்றார்.

அவர்கள் பேச வேண்டியது ஒரு பஸ்ஸைப் பற்றி. மலையில் பத்தாவது வரை படித்த பெண் பிள்ளைகள் மேல்படிப்புக்குக் கீழே இறங்க வேண்டும். காலையில் பஸ் போய்ச் சேரும்போது முதல் வகுப்பு முடிந்திருக்கும். சாயந்திரம் பள்ளி விடுவதற்குள் கடைசிப் பஸ் மேலே ஏறிவிடும். பையன்கள் எப்படியோ வண்டி பிடித்துப் போனார்கள். பெண்கள் படிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

சென்னையில் என் மேலதிகாரி தயங்கினார். மலைக்காரர்கள் கேமராவைப் பார்த்தால் வாயடைத்துப் போவார்கள், நேரலையில் அது ஆபத்து என்றார். ஏற்கெனவே பதிவு செய்த ஒரு நிகழ்ச்சியைத் தயாராக வைத்திருப்பதாகவும், அவர் சொன்னால் நான் உடனே அதற்கு மாறிவிட வேண்டும் என்றும் சொல்லித்தான் அனுமதித்தார்.

நேரலை வேன் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து மேலே வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பலா மரத்துக்கு அருகே ஜமுக்காளம் விரித்தோம். அதிகாரிகளுக்கு யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஒரே கேமராவில் எல்லா முகமும் தெரிய வேண்டும் என்று சொல்லி நாற்காலிகளை அகற்ற வைத்தேன். பஸ் விடுகிற பொறுப்பில் இருந்த அதிகாரியும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பெண்களுக்கு எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். நான் வேனுக்குள் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழை பலமாகப் பெய்தால் சிக்னல் போய்விடும் என்று பொறியாளர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் பாதி மரியாதையாகப் போனது. அதிகாரி பேசினார், ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பிறகு மைக் அந்தப் புளி தட்டிய அம்மாவிடம் போனது. அவர் எழுந்து நின்றார். பஸ்ஸைப் பற்றி ஒரு வரி சொன்னார். அப்புறம் நிறுத்திவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

நேரலையில் மௌனம் எவ்வளவு நீளம் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். போன் அடித்தது. மேலதிகாரி, "பிரேக் போங்க, உடனே போங்க" என்றார். என் பக்கத்தில் இருந்தவரின் விரல் இடைவேளைக்கு மாற்றும் பொத்தானுக்கு மேலே தயாராக நின்றது. நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் பயமில்லை. சொல்ல வேண்டியதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். பொத்தானைத் தொட வேண்டாம் என்று சைகை செய்தேன். கேமராமேனிடம், அவர் முகத்திலேயே இருங்கள், அசையாதீர்கள் என்று மெதுவாகச் சொன்னேன். போனில், "சார், இருக்கட்டும். என் பொறுப்பு" என்றேன்.

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்.

"இது எம் பொண்ணு. பத்தாவதுல பாஸு. இப்ப ஆடு ஓட்டிகினு இருக்கா. இன்னா படிக்கணும்னு ஆசப்பட்டான்னு அவளயே கேளுங்க" என்று மைக்கைக் கொடுத்தார்.

அந்தப் பெண் எழுந்தாள். தாவணியைச் சரிசெய்துகொண்டாள். அதிகாரியை நேராகப் பார்த்தாள். "நர்ஸுக்குப் படிக்கணும் சார். ஆசப்பட்டேன் இல்ல, இன்னும் ஆசப்படறேன்" என்றாள்.

பஸ் நேரத்தை மாற்றப் பார்க்கிறேன் என்றார் அதிகாரி. அம்மா விடவில்லை. "பாக்கறேன்னா எப்ப சார்?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளி திறப்பதற்குள் மாற்றித் தருகிறேன் என்று அவர் சொன்னார். அப்போதுதான் தூறல் விழுந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கேமராக்களுக்குக் குடை பிடித்தோம். கடைசிவரை சிக்னல் போகவில்லை.

முடிந்ததும் வேனை விட்டு இறங்கினேன். பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அந்த அம்மா நன்றி எல்லாம் சொல்லவில்லை. "நறுக்கல இல்ல?" என்று மட்டும் கேட்டார். ஒரு வார்த்தைகூட நறுக்கவில்லை என்றேன். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்ய நினைத்த ஒன்றை அன்று முழுசாகச் செய்திருந்தேன்.

இறங்கும் வழியில் அம்மாவின் போன் வந்தது. ஊரில் பார்த்திருக்கிறாள். இந்த முறை பெயர் வந்ததா வரவில்லையா என்று அவள் பேசவில்லை. "அந்த பொண்ணோட அம்மா பேசாம நின்னுகினு இருந்தாங்களே, அப்ப நம்ம தெருவுலயும் ஒருத்தரும் பேசல" என்றாள். நான் வாங்கிய பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. மேலதிகாரி மறுநாள் கூப்பிட்டார். போனில் கத்தியதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நன்றாக வந்தது என்றார். அந்த வருடமே நேரலைப் பிரிவு முழுவதையும் என்னிடம் கொடுத்தார்கள். இன்று அந்தப் பிரிவில் தயாரிப்பாளர் நாற்காலியில் உட்காருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். யாரும் அதை ஒரு செய்தியாகப் பார்ப்பதில்லை. எனக்கு அதில்தான் பெருமை ஜாஸ்தி.

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பள்ளி திறந்தபோது பஸ் நேரம் மாறியிருந்தது. அந்தப் பெண் ஒரு வருடம் விட்டுப்போன படிப்பைத் தொடர்ந்தாள். இப்போது நர்ஸிங் படிக்கிறாள். அவளோடு நின்றுபோன இன்னும் சில பெண்களும் திரும்பச் சேர்ந்தார்கள். எல்லோரும் அல்ல. இருவருக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது.

சமீபத்தில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சாயந்திரம் கச்சிராயபாளையத்தில் அந்த மலைப் பஸ்ஸில் ஏறினேன். மேலே எனக்கு வேலை ஒன்றும் இல்லை, சும்மா போக வேண்டும் போல் இருந்தது. நீலச் சீருடையில் பெண் பிள்ளைகள் கும்பலாக ஏறினார்கள். ஒருத்தி என் மடியில் பையை வைத்துக்கொள்ளச் சொன்னாள், இன்னொருத்தி அதற்குமேல் தன் பையை வைத்தாள். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. கணக்குப் பரீட்சையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் அணையைத் தாண்டி முதல் வளைவில் ஏறியது. மடியில் கனத்த பைகளுக்கு மேலே எட்டி, நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன்.